நூறு நினைவும் ஒரு நெஞ்சும்

(சதாவதானி செய்குதம்பிப் பாவலர் வாழ்க்கை)

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல் மாணவன்

கோயிலுக்கும் பட்டுக்கும் பேர்போனது நம் காஞ்சி மாநகர். இந்நகரின் தறிக்குழி ஒன்றின் ஓரத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆளும் நானே. ஆகவே, அறிவு என்பது சிலருக்கு வாய்த்துச் சிலருக்கு வாய்க்காமல் போகும் பிறவிச் சொத்துத்தானா என்பது எனக்கு வெறும் தேர்வுக் கேள்வி அன்று, வாழ்க்கைக் கேள்வி. அக்கேள்விக்கு விடை தேடி நான் அலைந்தபோது கைகொடுத்த ஒரு பெருமகனாரின் வரலாற்றையே இங்கு எழுத முனைகின்றேன்.

நான் பத்தாம் வகுப்புப் படித்த காலம் பெருந்தொற்றுக் காலம். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. தமிழ்ப் பாடநூலைத் தறியடியில் வைத்துக்கொண்டுதான் படித்தேன். அதில் செய்குதம்பிப் பாவலர் என்ற புலவரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு இருந்தது. 1907ஆம் ஆண்டு மார்ச் மாதம் 10ஆம் நாள், சென்னை விக்டோரியா அரங்கத்தில், அறிஞர் பலர் முன்னிலையில், ஒரே நேரத்தில் நூறு செயல்களைச் செய்து காட்டிச் சதாவதானி என்று பாராட்டப் பெற்றார் என்றது அக்குறிப்பு. உண்மையைச் சொல்லுகின்றேன், நான் நம்பவில்லை. காரணம், ஒரே ஒரு செயலைக்கூட ஒழுங்காகச் செய்ய முடியாதவனாக நான் அன்று இருந்தேன்.

கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்தவர்கள் அறிவார்கள். உடலுக்கு ஒரு நாடா, இருபுறக் கரைகளுக்கு இரண்டு நாடா என மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். கரைப்பக்கம் ஒருவர் உதவிக்கு அமர்ந்து, நெசவாளியின் கைக்கு ஈடுகொடுத்து நாடாவைத் தள்ளவேண்டும். அந்த உதவிக்கு என் தந்தையார் என்னை அமர்த்தியிருந்தார். ஒருநாள் என் நினைவு எங்கோ மேய்ந்துகொண்டிருக்க, ஊடை தவறிப்போனது. விரற்கடை அளவு நெய்தபின்தான் தந்தையார் கண்ணில் அது பட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. தவறிய இழைவரை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் நெய்தார். அரைநாள் உழைப்பு போயிற்று. அந்த மௌனம் என்னை இன்றும் சுடுகின்றது. தந்தையாருக்கு வாய்த்த கவனம் எனக்கு ஏன் வாய்க்கவில்லை? நூறு செயலில் மனத்தைச் செலுத்திய அந்தப் பாவலர் யார்?

பிறப்பும் கல்வியும்

செய்குதம்பிப் பாவலர் 1874ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்தார். தந்தையார் பக்கீர் மீரான் சாகிபு. தாயார் அமீனா அம்மையார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள அப்பகுதி அன்று திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. ஆகவே, வீட்டிலே தமிழ், பள்ளியிலே மலையாளம் என்றுதான் அவருடைய கல்வி தொடங்கியது. பிற்காலத்தில் தமிழ்க் கடலென விளங்கிய ஒருவர் பள்ளியில் முதலில் எழுதிப் பழகியது வேறொரு மொழியின் எழுத்தை என்பது வியப்பன்றோ!

தமிழின்பால் கொண்ட தணியாத வேட்கையால் சங்கரநாராயண அண்ணாவி என்னும் ஆசிரியரை அடைந்து இலக்கணமும் இலக்கியமும் கற்றார். மாணவர் முகம்மதியர், ஆசிரியர் சைவச் சூழலில் வந்தவர். இருவருக்கும் இடையே நின்றது தமிழ் ஒன்றே. பதினைந்து வயதிலேயே செய்யுள் இயற்றும் ஆற்றல் அவருக்குக் கைவந்தது. கைவந்தது என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டேன். அதற்குப் பின்னே எத்தனை இரவுகள், எத்தனை முறை எழுதி அழித்த அடிகள் இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

பின்னர்ச் சென்னை சென்று பதிப்புப் பணியில் ஈடுபட்டார். உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணத்திற்கு உரை எழுதினார். இசுலாமியத் தமிழ்க் காப்பியங்களுள் தலைசிறந்த அந்நூல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்டது. ஒவ்வொரு பாடலையும் சொல் பிரித்து, பொருள் கண்டு, எழுதி, திருத்திச் செல்லும் பணி எத்தகையது! மேடையில் ஒருநாள் கண்ட வெற்றிக்கு அடித்தளம், மேசையடியில் பன்னாள் செய்த இத்தகைய பணியே என்று சொன்னால் அது மிகையாகாது.

அருட்பா அரங்கில்

பாவலர் பிறந்த அதே 1874ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் வடலூர் வள்ளலார் இராமலிங்க அடிகளார் மறைந்தார். அடிகளாருக்கு இளமையில் தமிழ் கற்பித்தவர் நம் காஞ்சிபுரத்து மகாவித்துவான் சபாபதி முதலியார் என்பது காஞ்சி மாணவர்களாகிய நாம் பெருமையோடு நினைக்கவேண்டிய செய்தி.

அடிகளாரின் பாடல்கள் அருட்பாவா அல்லவா என்று பெரும் வழக்கு எழுந்து, அவர் மறைந்த பின்னும் பல்லாண்டுகள் தமிழ்நாட்டை இரு கூறாக்கியது. மறுத்தவர்களின் அணியில் நா. கதிரைவேற்பிள்ளை போன்ற பேரறிஞர்கள் நின்றனர். அப்போது அருட்பாவின் பக்கம் நின்று மேடையேறி வாதிட்டவர்களுள் நம் பாவலர் முதன்மையானவர். சைவர்களுக்குள் நடந்த வழக்கில், சைவ நூல்களையே சான்றாக எடுத்துக்கொண்டு, ஓர் இசுலாமியப் புலவர் வாதிட்டார் என்பதை எண்ணுந்தோறும் என் நெஞ்சம் நெகிழ்கின்றது. வாதத்தில் எதிரியின் சொல் சுடும்; சினம் எழும்; நா முந்தும். அவற்றையெல்லாம் அடக்கி, வேண்டிய சான்றை வேண்டிய நேரத்தில் எடுத்து வைப்பதும் மனக்கட்டுப்பாடே அன்றோ?

அவதானம் என்பது யாது?

அவதானம் என்றால் கவனம். இலங்கைத் தமிழர் இன்றும் கவனத்தை அவதானம் என்றே வழங்குகின்றனர். எட்டுச் செயல்களில் ஒருங்கே கவனம் செலுத்துவோர் அட்டாவதானி; பத்தில் செலுத்துவோர் தசாவதானி; பதினாறில் செலுத்துவோர் சோடசாவதானி; நூறில் செலுத்துவோர் சதாவதானி. விநோதரச மஞ்சரி எழுதிய வீராசாமிச் செட்டியார் அட்டாவதானம் என்ற அடைமொழியோடேயே அறியப்படுகின்றார்.

அவதானியைச் சுற்றிக் கேட்போர் அமர்ந்திருப்பர். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் பெருக்கல் கணக்குப் போடுவார். ஒருவர் ஆண்டும் தேதியும் சொல்லிக் கிழமை கேட்பார். ஒருவர் இலக்கண ஐயம் எழுப்புவார். ஒருவர் சதுரங்கக் காயை நகர்த்துவார். பின்னாலிருந்து ஒருவர் முதுகில் நெல்லோ கல்லோ எறிந்துகொண்டிருப்பார். இடையிடையே மணி ஒலிக்கும். அவற்றின் எண்ணிக்கை தவறக்கூடாது. கைகள் இலாடச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருக்கும். வாய் இறைவன் பெயரை விடாது சொல்லும். எல்லாம் முடிந்தபின் எல்லோருக்கும் உரிய விடை, உரிய வரிசையில், பிழையின்றி வரவேண்டும். அவதானக் கலையின் பொது முறை இது.

இத்தகைய சோதனையை நூறு என்ற அளவில் ஏற்றுக்கொண்டபோது பாவலருக்கு வயது முப்பத்திரண்டு. சென்னைச் சென்ட்ரல் நிலையத்திற்கு அருகே செந்நிறமாய் நிற்கும் விக்டோரியா அரங்கைப் பேருந்தில் கடக்கும்போதெல்லாம், அந்த 1907ஆம் ஆண்டு மார்ச் நாளில் உள்ளே அமர்ந்திருந்த அந்த ஒற்றை மனிதரை நான் நினைத்துக்கொள்வதுண்டு.

அறிவியல் கூறும் விளக்கம்

மூளையைப் பற்றிய பாடம் வகுப்பில் நடந்தபோதுதான் என் பழைய ஐயத்திற்கு வழி பிறந்தது. நம் நெற்றிக்குப் பின்னே இருக்கும் மூளையின் முன்பகுதிக்கு ஒரு தனிப் பணி உண்டு. எதைக் கவனிப்பது, எதைத் தள்ளுவது, எப்போது ஒன்றை நிறுத்தி மற்றொன்றைத் தொடங்குவது, எந்த ஆசையை அடக்குவது என்பவற்றை ஏனைய பகுதிகளோடு சேர்ந்து ஆளுகின்ற பணியே அது.

அப்பகுதி சிதைந்தால் என்னாகும்? 1848ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் அமெரிக்காவில் இருப்புப்பாதை போடும் பணியில் இருந்த பினியஸ் கேஜ் என்ற இருபத்தைந்து வயது மேற்பார்வையாளரின் மண்டையை, வெடிமருந்து விபத்தில், ஒரு மீட்டருக்கும் மேல் நீளமுள்ள இரும்புக்கோல் ஒன்று துளைத்துச் சென்றது. அவர் பிழைத்தார், பேசினார், நடந்தார். ஆனால் போட்ட திட்டத்தில் நிற்க இயலவில்லை, நாவடக்கம் போயிற்று. பழகியவர்கள் அவரைப் பழைய கேஜாகவே காணவில்லை. எனினும், பின்னாளில் சிலி நாட்டில் அவர் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். அந்த ஒழுங்கான அன்றாட வேலையே அவரை ஓரளவு மீட்டெடுத்தது என்று கருதும் ஆய்வாளரும் உளர். இச்செய்தியை நான் இரண்டு முறை படித்தேன். சிதைந்த மூளைக்கே பழக்கம் கைகொடுக்குமென்றால் நல்ல மூளைக்குக் கொடுக்காதா?

இன்னொன்றும் அறிந்தேன். நாம் ஒரு நேரத்தில் மனத்தில் ஏந்திக்கொள்ளக்கூடிய செய்திகள் மிகச் சில. ஏழு, அதற்கு இரண்டு கூடவோ குறையவோ என்று 1956ஆம் ஆண்டில் ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலார் எழுதினார். நான்கு என்பதே சரியான அளவு என்று பிற்கால ஆய்வுகள் குறைத்தன. அன்றியும், சிந்தனை வேண்டும் இரண்டு செயல்களை மூளை ஒரே நொடியில் செய்வதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது. ஒவ்வொரு தாவலுக்கும் சிறிது நேரத்தையும் சிறிது தெளிவையும் விலையாகக் கொடுக்கிறது.

அப்படியானால் நூறு எப்படி? இங்கேதான் பாவலரின் தமிழ்ப் பயிற்சி வந்து நிற்கின்றது. நேரிசை வெண்பா ஒன்றுக்குப் பதினைந்து சீர். யாப்பறியாத எனக்கு அவை பதினைந்து தனிச் சொற்கள். பாவலருக்கோ அவை எதுகையாலும் மோனையாலும் தளையாலும் கட்டப்பட்ட ஒரே பொருள். சிதறிய பூக்களைக் கையில் அள்ளினால் பத்துப் பூ நிற்கும். தொடுத்துவிட்டால் முழச்சரத்தையே இரு விரலில் தூக்கலாம். சதுரங்க வல்லுநர்களைச் சோதித்த ஆய்வுகளும் இதையே கூறுகின்றன. உண்மையான ஆட்டத்தில் வந்த காய்நிலையை அவர்கள் ஒரு பார்வையில் நினைவில் கொள்வர். காய்களைத் தாறுமாறாக அடுக்கிக் காட்டினால் அந்தத் திறமை பெரிதும் மறைந்துவிடும். பெரிதாக இருந்தது அவர்களுடைய மூளை அன்று. பழகிய வடிவங்களின் சேமிப்பே.

எனவே பாவலர் நூறையும் ஒரே கணத்தில் நினைத்தார் என்று நான் இப்போது கருதவில்லை. ஒன்றை எடுத்தார், கட்டி வைத்தார், விட்டார், அடுத்ததற்குச் சென்றார், பின்னர் விட்ட இடத்துக்கே பிசகாமல் திரும்பி வந்தார். இப்படிக் கருதுவதால் அவர் பெருமை குறைந்துவிடாது, கூடவே செய்யும். மாயத்தைக் கண்டு கைதட்டத்தான் முடியும். பயிற்சியையோ நாமும் தொடங்கலாம்.

தள்ளத் தெரிந்த அறிவு

பாவலரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அவையில் ஒருவர் அவரை மடக்க எண்ணி, துருக்கனுக்கு, அதாவது முகம்மதியனுக்கு, இராமனே துணை எனப் பொருள்படும் ஈற்றடியைக் கொடுத்தாராம். பாடினால் தம் சமயத்தார் மனம் வருந்தும், மறுத்தால் தோல்வி. பாவலரோ சினங்கொள்ளவில்லை. முந்திய அடியைச் சத் என்ற ஓசையில் கொண்டு முடித்தார். அடுத்த அடியின் துருக்கன் அதனோடு சேர்ந்து சத்துருக்கன் ஆனான். தம்பிக்கு அண்ணன் துணை என்று பொருள் மாறிற்று. அவை ஆர்ப்பரித்தது என்பர்.

காதில் விழுந்தவுடன் தோன்றும் முதற்பொருள் ஒரு வெள்ளம் போன்றது. அதைத் தடுத்து நிறுத்தினால்தான் இரண்டாம் பொருள் தலைகாட்டும். தடுக்கும் அத்திறமையே கட்டுப்பாட்டின் உயிர்நாடி என்கிறது மூளை அறிவியல். பாவலர் அன்று அடக்கியது சொல்லின் முதற்பொருளை மட்டும் அன்று, எழுந்திருக்கக்கூடிய சினத்தையும்தான்.

பெற்றதும் விட்டதும்

குசராத்தில் 1867ஆம் ஆண்டு பிறந்த இராயச்சந்திரர் என்ற சமண அறிஞரும் இளமையில் பம்பாயில் சதாவதானம் செய்து புகழ்பெற்றவர். காந்தியடிகள் தம் சுயசரிதையில் பெரிதும் போற்றியவர். ஆனால் அவர் அவதானத்தை ஆன்ம வளர்ச்சிக்குத் தடையெனக் கருதி விட்டுவிட்டார். புகழ் தரும் ஒன்றை விடுவதும் மனத்தை ஆள்வதன் ஒரு கூறே.

நம் பாவலர் வேறு வகையில் உயர்ந்தார். நூறு செயல் செய்த மேடையோடு அவர் வாழ்க்கை முடிந்துவிடவில்லை. நூல்கள் இயற்றினார். நீதிவெண்பா பாடினார். கதராடை உடுத்து நாட்டு விடுதலை மேடைகளில் முழங்கினார். சமயங்களுக்கு இடையே பாலமாக நின்றார். 1950ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் மறைந்தார். அவர் பிறந்த மண் 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்ததைக் காண அவர் இல்லை. இடலாக்குடியில் அவர் பெயரால் மணிமண்டபமும் பள்ளியும் உள்ளன. 2008ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. அவர் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டுள்ளன.

நான் கற்ற பாடம்

கடைசியாக என் கதையைச் சிறிது சொல்ல அனுமதி வேண்டுகின்றேன். கடந்த ஆண்டு, முதலாண்டின் இரண்டாம் பருவத்தில், என் தந்தையாருக்குக் கண்ணில் அறுவை மருத்துவம் செய்யவேண்டி வந்தது. எடுத்த பாவில் இன்னும் இரண்டு சேலைகள் பாக்கி. சித்தப்பா தறியில் அமர்ந்தார். கரைப்பக்கம் நான் அமர்ந்தேன். ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கல்லூரிப் பக்கமே நான் வரவில்லை. தேர்வில் இரண்டு தாள்கள் போயின. திரும்பி வந்து வகுப்பில் உட்கார்ந்தபோது பாடம் எங்கோ போயிருந்தது. கரும்பலகையில் இருந்தது புரியவில்லை. நம் குடும்பத்துக்கு இது சரிப்படாது, தறியே போதும் என்ற எண்ணம் நாள்தோறும் எழுந்தது. அறிவு பிறவிச் சொத்து, அது எனக்கு எழுதப்படவில்லை என்று ஏறக்குறைய முடிவுகட்டிவிட்டேன்.

அந்நாளில்தான் பாவலரை மீண்டும் நினைத்தேன். அவர் செயலின் கமுக்கம் நூறு என்ற எண்ணில் இல்லை. திரும்பி வருதலில் இருக்கின்றது. என் தந்தையார் தவறிய ஊடையைப் பிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து நெய்தாரே, அவர் செய்ததும் அதுதான். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட என் தந்தையாரும், விக்டோரியா அரங்கத்து மேதையும் ஒரே கலையைப் பயின்றவர்கள் என்பது விளங்கியபோது என் கண்கள் கலங்கின. மனம் அலைவது குற்றமன்று. அது மனத்தின் இயல்பு. அலைந்த மனத்தைப் பிடித்து, விட்ட இழையில் கொண்டுவந்து சேர்ப்பதே கட்டுப்பாடு.

இதற்கு மன உறுதி மட்டும் போதும் என்று சொல்லி யாரையும் ஏமாற்ற நான் விரும்பவில்லை. தூக்கம் கெட்டவனின் முன்மூளை தளர்ந்துபோகும். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு வகுப்பில் கண் சொருகும் நண்பர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்வதற்குமுன் ஆசிரியப் பெருமக்கள் ஒருகணம் எண்ணிப்பார்க்க வேண்டுகின்றேன். மாணவத் தோழர்களுக்கு நான் சொல்வதும் சிறிதே. கைப்பேசி ஒலிக்கும்போதெல்லாம் மனம் தாவுகிறது, தாவட்டும். ஆனால் எந்த வரியில் விட்டோமோ அந்த வரிக்கு உடனே திரும்புவோம். இன்று பத்து முறை; நாளை இருபது முறை.

போன இரண்டு தாள்களுள் ஒன்றை நான் எழுதித் தேறிவிட்டேன். மற்றொன்று வரும் பருவத்தில். தந்தையாருக்குப் பார்வை தெளிந்து மீண்டும் தறிக்குழியில் இறங்கிவிட்டார். விடுமுறை நாட்களில் கரைப்பக்கம் இன்றும் நானே அமர்கின்றேன். இப்போதும் சில நேரம் நாடா தவறுகின்றது. ஆனால் ஓர் இழை தவறியதுமே என் கை தானாக நின்றுவிடுகின்றது. தந்தையார் திரும்பிப் பார்க்கின்றார். இருவரும் பிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குகின்றோம்.